முடித்தவர், தேறாதவர்

என் தங்கை இறந்த பிறகு அவளுடைய போனை நிறுத்த முடியவில்லை. நிறுத்த மனம் வரவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. கடைத்தெருவில் இருக்கும் போன் கம்பெனிக் கடைக்குப் போனேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்க உட்கார்ந்திருந்தவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இணைப்பு யார் பேர்ல இருக்கோ அவங்க நேர்ல வரணும் மேடம்."

"அவ செத்துப்போயிட்டா. அதனாலதான் நான் வந்திருக்கேன்."

"ஐயோ, சாரி மேடம்." உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு திரையைப் பார்த்தார். "ஆனா அவங்க வந்தாதான் பண்ண முடியும்."

ஆகவே அந்தப் போன் என் கைப்பையிலேயே கிடந்தது. சார்ஜ் போடாமல் விட்டிருந்தால் தானாக அடங்கியிருக்கும். ஆனால் அவள் இருந்தபோதும் அவள் போனுக்குச் சார்ஜ் போட்டது நான்தான். அவளுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்காது. என் போனைச் செருகும்போது கை தானாக அதையும் எடுத்துச் செருகிவிடும். பழக்கம் சாவுக்கெல்லாம் மரியாதை தருவதில்லை.

அவள் ஒரு கல்லூரியில் வேலை பார்த்தாள். பாடம் நடத்தும் வேலை இல்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிடப் போகிற பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தும் வேலை. வாசலில் "மாணவர் ஆதரவு மையம்" என்று பலகை இருக்கும். உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கழுத்து திரும்பாத ஒரு மின்விசிறி. வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டிய அறை என்பதால் பிள்ளைகள் அதை ரிப்பேர் கடை என்பார்கள். அவளுக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும். "பஞ்சர், செயின் கழண்டது, பெட்ரோல் தீர்ந்தது, எல்லாம் இங்கே பார்க்கப்படும்" என்பாள்.

அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் தங்கள் வீட்டில் முதல்முதலாகக் கல்லூரிக்குள் கால் வைத்தவர்கள். ஒருவனுக்கு ராத்திரி முழுக்க வாட்ச்மேன் வேலை. முதல் வகுப்புக்குக் கண் திறக்காது. ஒருத்திக்குத் தம்பி ஆஸ்பத்திரியில். ஒருவன் பரீட்சை ஹாலுக்கு வந்துவிட்டு, நுழைவுச்சீட்டை எங்கே வாங்குவது என்று யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டுத் திரும்பிப் போனவன். மக்குப் பிள்ளைகள் இல்லை. யாராவது ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருந்தால் தாண்டிப் போயிருப்பார்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவர்கள் வீட்டில் ஆள் இல்லை.

என் தங்கை அவர்களிடம் "ஏன் வரல?" என்று ஒருநாளும் கேட்க மாட்டாள். "எங்க நின்னுச்சு?" என்றுதான் கேட்பாள். "ஏன்னு கேட்டா பொய் சொல்லணும்னு தோணும்க்கா. எங்கன்னு கேட்டா விரலை வச்சுக் காட்டிடுவாங்க" என்பாள். போனிலும் பிள்ளைகளின் பெயர் இருக்காது. நின்ற இடம்தான் பெயர். "தம்பி ஆஸ்பத்திரி", "பஸ் இல்லை", "லேப் பாக்கி", "வாட்ச்மேன் டூட்டி". படிப்பை முடித்தவர்களின் எண்ணை உடனே அழித்துவிடுவாள். "சரியான வண்டியக் கடையிலயே வச்சுக்கறதா?" என்பாள். அவர்கள் பிறகு கூப்பிட்டு நன்றி சொன்னால், யார் பேசுவது என்று தெரியாமல் திருதிருவென விழிப்பாள்.

ஒரு திங்கட்கிழமை காலை செருப்பு மாட்டக் குனிந்தவள் நிமிரவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது வெறும் சம்பிரதாயம்.

கல்லூரியில் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்று முதல்வர் பேசினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்கள். அவள் இடத்துக்கு யாரையும் போடவேயில்லை.

நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். பள்ளிக்கூட வினாத்தாள், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள், கட்சி அறிக்கை, எது வந்தாலும். பிள்ளைகளின் விவகாரம் எனக்குத் தெரியாது. அவள் போன் அடித்தால் எடுத்து, "அவ இல்லப்பா, காலேஜ் ஆபீஸ்ல போய்க் கேளு" என்று சொல்லி வைத்துவிடுவேன். சிலர் அழுதார்கள். சிலர் "சரிங்க" என்றார்கள். அந்த "சரிங்க"தான் எரிச்சலூட்டும். எதைச் சொன்னாலும் சரிங்க என்று ஒதுங்கிப் பழகிய குரல் அது.

"லேப் பாக்கி" கூப்பிட்டது ஒரு மத்தியானம். நான் இருமல் மருந்தின் பக்கவிளைவுகளில் ஒற்றெழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, வர வெள்ளியோட பேர் பதியறது முடியுதாம். நீங்க பார்த்துக்கறேன்னு சொன்னீங்கள்ல?"

"நான் அவளோட அக்கா. அவ இறந்துட்டாம்மா."

அந்தப் பக்கம் பில் போடும் இயந்திரத்தின் பீப் சத்தம் கேட்டது. யாரோ பால் பாக்கெட்டுக்கு விலை கேட்டார்கள். அவள் அவர்களுக்கு விலை சொன்னாள். பிறகு என்னிடம், "சரிங்க" என்றாள்.

வைத்துவிடுவாள் என்று தெரிந்தது. என்னவோ கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. "சரிங்க இல்ல. எங்க நின்னுச்சு, சொல்லு" என்றேன்.

மறுநாள் அவள் வேலை செய்யும் சூப்பர் மார்க்கெட்டின் பின்வாசலில், காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று சொன்னாள். வேதியியல் படித்தவள். எல்லாப் பேப்பரும் தேறிவிட்டாள். கடைசி செய்முறைத் தேர்வு ஒன்றுதான் மீதி. தேர்வுக்கு அடுத்த வாரம் கல்யாணம் என்று நாள் குறித்திருந்தார்கள். பெண் பார்க்க வந்த மாமியார், "படிப்பு?" என்று கேட்டபோது அப்பா, "முடிச்சாச்சு" என்றார். அப்போது அது பொய்யில்லை. இன்னும் சில நாளில் முடியப்போகிற விஷயம். ஆனால் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்ய, தேர்வு தள்ளிப்போனது. தள்ளிப்போய்ச் சரியாகக் கல்யாண நாளில் வந்து விழுந்தது.

"மணமேடையில உட்கார்ந்துகிட்டு மணியப் பார்த்தேன் பெரியக்கா. இப்ப லேப்ல ப்யூரெட் குழாயக் கழுவிட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்."

தங்கையை அக்கா என்று கூப்பிட்டவர்களுக்கு நான் பெரியக்கா ஆகிவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தாள். அதற்குள் வயிற்றில் குழந்தை. பிறகு கையில் குழந்தை. இதற்கிடையில் மாமியார் வீட்டுக்கு வருகிறவர்கள், போகிறவர்கள் எல்லோரிடமும், "மருமக டிகிரி முடிச்சாச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தையல் வேலை செய்கிறவர். துணி கொடுக்க வருகிற அத்தனை பேருக்கும் அளவெடுக்கும்போதே இதையும் சொல்லிவிடுவாராம்.

"நீ எதுவும் சொல்லலையா?"

"நான் பொய் சொல்லல பெரியக்கா. அவங்க 'முடிச்சாச்சுல்ல?'ம்பாங்க. நான் சிரிப்பேன்."

இது எங்கள் மொழி செய்கிற வேலை. முடிச்சாச்சு என்றால் யார் முடித்தது, எப்போது முடித்தது, ஒன்றும் கிடையாது. எழுவாய் இல்லாமலே வாக்கியம் நிறைந்துவிடும். சமைச்சாச்சு, கட்டியாச்சு, முடிச்சாச்சு. அதற்குள் ஒரு பெண் வருஷக்கணக்கில் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது.

இப்போது பாடத்திட்டம் மாறுகிறது. பழைய பாடத்திட்டத்துக்கு இதுதான் கடைசித் தேர்வு. இதையும் விட்டால் புதுப் பாடங்களைச் சேர்த்து எழுத வேண்டும். கைக்குழந்தையும் கடை வேலையும் வைத்துக்கொண்டு அது நடக்காது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை இருவரும் கல்லூரிக்குப் போனோம். வீட்டில் கடைக்குப் போவதாகவும், கடையில் உடம்பு சரியில்லை என்றும் சொல்லிவிட்டு வந்திருந்தாள். போகிற வழியில் ரிப்பேர் கடையைப் பார்த்தேன். பூட்டியிருந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் கை உடைந்த நாற்காலிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. கழுத்து திரும்பாத மின்விசிறி மட்டும் அதே மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. நல்லவேளை, நின்று பார்க்க நேரமில்லை.

தேர்வுப் பிரிவில் இருந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பதிவு எண்ணைத் தட்டினார்.

"நீங்கதான் முடிச்சிட்டீங்களே."

"இல்ல சார். ஒரு ப்ராக்டிகல் பாக்கி."

"இங்க 'முடித்தவர்'னு இருக்கு. முடிச்சவங்களுக்குப் பரீட்சை கிடையாதும்மா."

"அப்ப பட்டம் குடுங்க" என்றேன் நான்.

அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். "பட்டம் எப்படிக் குடுக்கறது? பக்கத்துக் கட்டத்துல 'தேறாதவர்'னு இருக்கே."

"தேறாதவங்கன்னா பரீட்சை எழுதலாம்ல?"

"எழுதலாமே. முடிக்காம இருந்தா."

"முடிச்சவங்கன்னா பட்டம் வாங்கலாம்ல?"

"வாங்கலாமே. தேறியிருந்தா."

"இவ ரெண்டும்."

"அதாங்க பிரச்சினை" என்றார், ஏதோ நான் இப்போதுதான் அவர் வழிக்கு வந்ததுபோல.

வருஷங்கள் முடிந்ததும் கணினி எல்லோரையும் தானாகவே முடித்தவர் ஆக்கிவிடுமாம். தேர்வில் தோற்றிருந்தாலோ வராமல் இருந்திருந்தாலோ ஒரு குறி விழும். அந்தக் குறி இருந்தால் மறுபடி எழுதலாம். இவள் விஷயத்தில் தேர்வு தள்ளிப்போன குழப்பத்தில் அந்தக் குறி விழவேண்டிய கட்டம் காலியாகவே இருந்துவிட்டது. வீட்டில் எந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்தாளோ, அதே சொல் இங்கே அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிட்டது.

துறைத் தலைவியைப் பார்க்கச் சொன்னார். மாடி ஏறினோம். அந்த அம்மாள் நல்ல மாதிரிதான். எழுந்து நின்றே பேசினார். "நான் பரீட்சை வைக்கத் தயார்மா. லேப் இருக்கு, ஆள் இருக்கு. பேரு லிஸ்ட்ல வந்தா போதும்." இறங்கினோம். "துறை சொன்னா பேரைப் போட்டுடுவேன்" என்றார் கண்ணாடிக்காரர். ஏறினோம். "ஆபீஸ் திறந்து விட்டாத்தானே நான் சொல்ல முடியும்?" என்றார் அந்த அம்மாள். இறங்கினோம். இதற்குள் சாப்பாட்டு நேரம் வந்து, ஜன்னலை அடைத்துவிட்டார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கு முழங்கால் வலித்தது. தங்கை மேல் அப்படியொரு கோபம். இத்தனை வருஷம் இதைத்தான் செய்தாயா? வீட்டுக்கு வந்து ஒரு நாளாவது அலுத்துக்கொண்டிருக்கிறாயா? கேட்டால், "இன்னிக்கு நல்ல வியாபாரம்க்கா" என்று சிரிப்பாள். அவ்வளவுதான்.

"போயிடலாமா பெரியக்கா? உங்களுக்கும் சிரமம்" என்றாள் லேப் பாக்கி.

"நீ சும்மா இரு. மறுபடி 'சரிங்க'ன்னு சொன்னேன்னா பாரு."

"நான் இன்னும் சொல்லவே இல்லையே."

"சொல்ல வாயெடுத்த."

ஜன்னல் திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றேன். இவ்வளவு நேரமும், ஏன் முடியாது, ஏன் முடியாது என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவரும் ஏன் என்பதற்கு வகை வகையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மூச்சை இழுத்து விட்டுக் கேட்டேன்: "சார், இது எங்க நிக்குது? அந்த இடத்தைக் காட்டுங்க."

அவர் என்னைப் பார்த்தார். "ரிப்பேர் கடை அம்மாவோட சொந்தமா நீங்க?"

"அக்கா."

திரையை எங்கள் பக்கம் திருப்பினார். விரலை வைத்துக் காட்டினார். "இந்தக் கட்டம். 'முடித்தவர்'ங்கறத எடுத்துட்டா மிச்சமெல்லாம் தானா நடக்கும். எடுக்கணும்னா வீட்டுல ஒருத்தர் போன்ல உறுதிப்படுத்தணும், படிப்பு முடியலன்னு."

"இவளே சொல்றாளே, நேர்ல நின்னு!"

"மாணவர் சொன்னா செல்லாது மேடம். வீட்டு ஆள்தான் சொல்லணும்."

செத்தவள் நேரில் வந்து சொன்னால்தான் செல்லும் என்றார்கள் போன் கடையில். உயிரோடு நேரில் நிற்பவள் சொன்னால் செல்லாது என்கிறார்கள் இங்கே. இரண்டு பேரையும் ஒரே அறையில் வைத்துப் பூட்டினால் என்ன பேசிக்கொள்வார்கள் என்று பார்க்க வேண்டும்போல இருந்தது.

அவள் அப்பா எண்ணைக் கொடுத்தாள். உபயோகத்தில் இல்லை, அவர் பிழைப்புக்காக வேறு ஊருக்குப் போய் எண்ணும் மாறிவிட்டதாம், புது எண் இவளிடம் இல்லை. கணவன் எண்ணைக் கொடுத்தாள். அவர் லாரி ஓட்டுகிறவர். சிக்னல் கிடைக்காத ஏதோ சாலையில் இருந்தார்.

"வேற நம்பர்? அஞ்சு மணியோட பதிவு மூடிடும்மா."

லேப் பாக்கி என் கையைப் பிடித்தாள். "அத்தை நம்பர்தான் இருக்கு பெரியக்கா. அதைக் குடுத்தா எல்லாம் போச்சு."

"குடுக்கலன்னா?"

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். "அப்பவும் போச்சு" என்றாள். எண்ணைச் சொன்னாள்.

கண்ணாடிக்காரர் மேசைப் போனின் ஒலிபெருக்கியை அழுத்தினார். மணி அடித்து எடுத்ததுமே தையல் மெஷின் கடகடவென்று ஓடும் சத்தம்.

"ஹலோ, யாரு?"

"காலேஜ்ல இருந்து பேசறோம்மா. உங்க மருமகளைப் பத்தி ஒரு விவரம் வேணும். படிப்பை முடிச்சிட்டாங்களா?"

"முடிச்சாச்சே!" மெஷினை மீறிக் குரல் வந்தது. "கல்யாணத்துக்கு முன்னாடியே முடிச்சாச்சு சார். வேலை விஷயமா விசாரிக்கறீங்களா? தாராளமா குடுக்கலாம். கெமிஸ்ட்ரி! கெட்டிக்காரி. எங்க வீட்டுல தரை கழுவற ஆசிட் வாங்கினாக்கூட அவ படிச்சுப் பார்த்துச் சரின்னு சொன்னப்புறம்தான் மூடியத் திறப்போம்."

கண்ணாடிக்காரர் போனின் ஒலிவாங்கியைக் கையால் பொத்தினார். "வீட்டுலயே முடிச்சாச்சுங்கறாங்களே மேடம்" என்று கிசுகிசுத்துவிட்டு, அந்தக் கட்டத்தை அப்படியே மூடப்போனார்.

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. லேப் பாக்கி என் முன்னால் கையை நீட்டித் தடுத்தாள். ஜன்னலுக்குள் தலையை விட்டுக் குனிந்தாள்.

"அத்தை."

"யாரது, நீயா? நீ கடைக்குப் போகல?"

"அத்தை, முடிக்கல."

"என்னது முடிக்கல?"

"படிப்பு. நான்தான் அத்தை. நான் முடிக்கல. ஒரு ப்ராக்டிகல் பாக்கி. என் கல்யாணத்தன்னிக்கு நடந்துச்சு."

மெஷின் நின்றது. அது நின்ற பிறகுதான் அந்த வீட்டின் மற்றச் சத்தங்கள் கேட்டன. குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது. யாரோ தெருவில் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"அந்த சார் பக்கத்துல இருக்காரா?"

"இருக்காரு அத்தை."

"நாம பேசறது அவர் காதுல விழுதா?"

"விழுது."

"ரொம்ப நல்லா இருக்கு." குழந்தையிடமிருந்து எதையோ பிடுங்கி வைக்கும் சத்தம். பிறகு, "முடிச்சிட்டு வா" என்றார். போன் வைக்கப்பட்டது.

அது சாபமா, சம்மதமா, எனக்குப் புரியவில்லை. அவளுக்கும் புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது. கண்ணாடிக்காரருக்கு வேறு கவலை.

"கடைசியில என்ன சொன்னாங்க? 'முடிச்சிட்டு'ன்னு விழுந்துச்சு. அது முன்னாடி முடிச்சதா, இனிமே முடிக்கறதா?"

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "'வா'ன்னு சொன்னாங்கள்ல சார்? 'முடிச்சிட்டு வா'. வான்னு சொன்னா அது இனிமேதான். முடிச்சவளை யாராவது முடிச்சிட்டு வான்னு சொல்லுவாங்களா? நான் பிழை பார்த்தே வயசானவ. இதுக்கு மேல உங்களுக்கு என்ன வேணும், பதவுரை பொழிப்புரையா?"

வரிசையில் பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. யோசித்தார். "வான்னு இருக்கறதால..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அந்தக் கட்டத்தில் இருந்ததை அழித்தார். 'தொடர்பவர்' என்று தட்டினார்.

பேருந்தில் ஏறும்போது, "வீட்டுக்குப் போகவே பயமா இருக்கு பெரியக்கா" என்றாள். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. தங்கை என்றால் ஏதாவது கோமாளித்தனம் செய்து சிரிக்க வைத்திருப்பாள்.

தேர்வு நாளன்று நானும் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. ஆய்வகத்துக்கு வெளியே பெஞ்சில், மடியில் குழந்தையோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டில் ஊசிகள் குத்தியிருந்த பஞ்சுப் பட்டை. கழற்ற மறந்துவிட்டார் போல. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீங்கதான் பெரியக்காவா?" திரும்பாமலே கேட்டார்.

"ஆமா."

"அன்னிலேருந்து அவகூட நான் பேசறதில்ல. குழந்தை பால் குடிக்காம அடம் பிடிக்கும், அதுக்காக வந்தேன்." குழந்தையின் சட்டையை இழுத்து விட்டார். "ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். யார் யார் சட்டைக்கு அளவெடுத்தேனோ அத்தனை பேர்கிட்டயும். இப்ப ஒவ்வொருத்தரா போய், இல்லைன்னு சொல்றதா? அளவு தப்பாப் போச்சு, திருப்பிக் குடுங்கன்னா?"

"இன்னிக்கு எழுதிட்டா சொல்ல வேண்டியதில்லையே."

"அது அப்புறம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

குழந்தை அவர் மூக்கைப் பிடித்து இழுத்தது. அவர் அதன் கையை விலக்காமலே யோசித்தார். "தெரியல. திட்டியிருப்பேன். கல்யாணத்தையே நிறுத்தினாலும் நிறுத்தியிருப்பேன். எனக்கே தெரியல." பிறகு திடீரென்று என் பக்கம் திரும்பினார். "ஆனா அந்த ஆசிட்டு! இத்தனை நாளும் இவ பேச்சை நம்பி மூடியத் திறந்திருக்கேனே! ஏதாவது ஆகியிருந்தா?"

"அது அவளுக்கு நல்லாத் தெரியும்மா. பரீட்சைதான் பாக்கி."

"என்னமோ" என்றார். ஆனால் ஆய்வகத்தின் கண்ணாடிக் கதவு வழியே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே அவள் முதுகுதான் தெரிந்தது. ஒரு கை மேலே குழாயின் திருகைப் பிடித்திருந்தது. இன்னொரு கை கீழே குடுவையைச் சுழற்றிக்கொண்டிருந்தது.

"என்ன செய்யறா?"

"மேலேருந்து சொட்டுச் சொட்டா விடணும்னு சொன்னா. கீழே நிறம் மாறுற அந்தச் சொட்டோட நிறுத்தணும். ஒரு சொட்டு கூடினாலும் கெட்டுப்போகுமாம்."

"ஊசியில நூல் கோக்கற மாதிரி" என்றார் அவர். அவள் வெளியே வருவதற்குள் குழந்தை தூங்கிப்போனது.

அவள் வந்தாள். விரல் நுனிகள் வெளிறி இருந்தன. மாமியாரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அவர் இங்கே வருவார் என்று அவளுக்குத் தெரியாது.

"முடிச்சாச்சா?" என்றார் மாமியார். அன்றைக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை.

அவள் சிரிக்கவில்லை. "செஞ்சிருக்கேன் அத்தை. முடிஞ்சுதான்னு ரிசல்ட் வந்தாத்தான் தெரியும்."

அவர் முகம் மாறியது. எது மாறியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. "அப்ப வந்த பிறகு சொல்லு" என்று குழந்தையை அவளிடம் நீட்டிவிட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "பஸ் போயிடும்" என்று சத்தம் போட்டார்.

முடிவு வந்த அன்று நான் அச்சகத்தில் இருந்தேன். தங்கையின் போன் அடித்தது. திரையில் "லேப் பாக்கி".

"பெரியக்கா, முடிச்சாச்சு!"

"யாரு?" என்று கேட்டேன். வேண்டுமென்றேதான்.

பில் இயந்திரம் பீப் என்றது. "நான். நான் முடிச்சிட்டேன்" என்றாள். பின்னால் யாரோ பால் பாக்கெட்டுக்கு விலை கேட்டார்கள். "ஒரு நிமிஷம் இருங்க" என்று அவர்களை அதட்டினாள்.

போனை வைத்த பிறகு அந்தப் பெயரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடித்தவர்களை அழித்துவிட வேண்டும். அது தங்கையின் முறை. ஆனால் இந்த இரண்டு சொல்லையும் தட்டியது அவள் விரல். அவள் எழுதி மிச்சம் இருப்பதே இந்த மாதிரி இரண்டிரண்டு சொல்தான். பிழையே இல்லாததை எதற்கு நீக்க வேண்டும்? இதையெல்லாம் என் தலையில் கட்டிவிட்டு, எந்தக் கடையிலும் நேரில் வந்து எதையும் நிறுத்தித் தராமல், அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். முடியாத கோபத்தோடு அழித்தேன்.

அந்த இடத்துக்குக் கீழே இருந்த பெயர் மேலே ஏறிவந்து நின்றது. "வாட்ச்மேன் டூட்டி". போன மாதம் கூப்பிட்டவன். அவ இல்லப்பா, ஆபீஸ்ல போய்க் கேளு என்று நான் சொன்னதும் சரிங்க என்று வைத்தவன்.

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதே எரிச்சலோடு அந்த எண்ணை அழுத்தினேன். மணி நெடுநேரம் அடித்தது. ராத்திரி வேலை பார்த்துவிட்டுத் தூங்குகிறான் போல. எடுக்கட்டும் என்று காத்திருந்தேன்.